நீலத் தட்டு

காப்பியைப் பற்றிப் பேச்செடுத்தால் மூக்கக்காவுக்கு முதலில் கோபம் வரும். பேச்சு அதற்குப் பிறகுதான் வரும். சுட வைத்துச் சுட வைத்து ஊற்றுகிற காப்பி, கழுவாத மெஷினில் இறங்குகிற காப்பி, பெயருக்குக் கொஞ்சம் நிறம் ஏற்றிய வெந்நீர், இதையெல்லாம் ஒரு மனுஷர் முன்னால் கூசாமல் நீட்டுகிறவர்களைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் தாங்களே ஏதோ தப்புப் பண்ணிவிட்டது போலத் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

மூக்கக்கா என்பது பள்ளிக்கூடத்தில் கிடைத்த பெயர். அப்போது வெறும் ‘மூக்கி.’ அடுத்த வகுப்பில் யாராவது சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் இவள் இங்கிருந்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். வயது ஏற ஏற மரியாதையும் ஏறி, மூக்கி மூக்கக்கா ஆனாள். சொந்தப் பெயரை அவளுடைய வீட்டுக்காரரே யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

கடை வைப்பதற்கு முன்னால் அவள் ஒரு பெரிய அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். அந்த அலுவலகத்தின் கேன்டீன் காப்பியைக் குடித்துவிட்டு ஒருநாள் நேராக அதை நடத்துகிறவரிடம் போனாள்.

“இந்தக் காப்பியை நீங்க குடிப்பீங்களா?”

“நான் டீ குடிக்கிறவன்மா,” என்றார் அவர், எதுவுமே நடக்காத மாதிரி.

அந்தப் பதிலை அவளால் ஜீரணிக்கவே முடியவில்லை. அத்தனை பேர் வாயில் போகிற ஒன்றை, தான் வாயில் வைக்காமலே ஒரு மனுஷன் எப்படிக் கொடுக்க முடியும்? வீட்டுக்கு வந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய வீட்டுக்காரர் அதே கட்டடத்தில் எலக்ட்ரீஷியன். அவர் பேசினால் பக்கத்து மேசைக்குக் கேட்காது, அவ்வளவு மெதுவான மனுஷர். “அப்ப நீயே ஒரு கடை போடேன்,” என்று அவர் சொன்னது பேச்சை முடித்துவிட்டுத் தூங்கப் போவதற்காக. அவளோ மறுநாளே இடம் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

கிடைத்தது தெரு முனையில் ஒரு கீழ்த்தளம். முன்னால் சில மேசைகள், ஒரு கல்லா, ஒரு மெஷின். பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அந்த அறையில்தான் காப்பிக்கொட்டையை வறுக்கிற இரும்பு உருளை நின்றது. வறுத்த கொட்டையைக் கடையில் வாங்க அவளுக்கு மனசு வராது. யார் வறுத்தார்களோ, எப்போது வறுத்தார்களோ. மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் பச்சைக் கொட்டையை உருளையில் கொட்டி, பக்கத்திலேயே நின்றுகொண்டு, கண்ணை மூடிக்கொள்வாள். முதலில் காய்ந்த புல்லின் வாசம் வரும். பிறகு ரொட்டி சுடுகிற வாசம். கொட்டைகள் பட்பட்டென்று வெடிக்கும். அதற்கப்புறம் சர்க்கரை பழுப்பாகிற மாதிரி ஒரு வாசம் வந்து மூக்கில் தட்டும் பாருங்கள், அந்தக் கணத்தில் உருளையின் கதவைத் திறந்து கொட்டிவிடுவாள். கடிகாரமும் இல்லை, அளவுக் கருவியும் இல்லை. எல்லாம் மூக்குதான்.

கடையின் சுவரில் ஒரு பலகை. எதிர்ப் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் தன் அழகான கையெழுத்தில் எழுதித் தந்தது: ‘காப்பி பிடிக்கலைன்னா முகத்தைச் சுளிச்சுக்கிட்டுக் குடிக்காதீங்க. கோப்பையை நீலத் தட்டில் வைங்க. வேற தருவோம். காரணம் மட்டும் சொல்லுங்க.’ கல்லாவின் ஓரத்தில் அந்த நீலத் தட்டு இருக்கும். அதில் வந்து உட்காருகிற கோப்பையை மூக்கக்கா அப்படியே கொட்டிவிட மாட்டாள். முகர்ந்து பார்ப்பாள், ஒரு வாய் குடித்துப் பார்ப்பாள், சண்டை போடுவாள், அப்புறம் வேறு காப்பி போடுவாள். சண்டை போட்டாலும் அடுத்த நாள் அந்தக் குறை இருக்காது.

நீலத் தட்டுக்கு நிரந்தர வாடிக்கையாளர் பக்கத்துக் கடைத் தையல்கார மாஸ்டர். கழுத்தில் அளவு நாடாவோடு வருவார், ஒரு வாய் குடிப்பார், மேலே பார்ப்பார்.

“என்ன மாஸ்டர்?”

“பாலும் காப்பியும் ஒட்டலை. ஒண்ணை ஒண்ணு பார்க்காம தனித்தனியா உட்கார்ந்திருக்குங்க, சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி.”

“உங்களுக்குத் தெச்சுத் தர்றவங்க பாவம்.”

“நான்தான் தெச்சுத் தர்றவன்.”

இப்படியே கடை வளர்ந்தது. காலையில் வாசல் தாண்டி ஆட்கள் நிற்பார்கள். வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தார். பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வந்து, “அந்த மூக்கக்கா கடை எது?” என்று கேட்டார்கள்.

அப்புறம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் மாதிரித்தான் இருந்தது. இறங்கிவிட்டது, எழுந்துவிட்டாள், குளித்தாள். சோப்பு வெறும் கட்டியாக இருந்தது. அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. கடைக்கு வந்து, மூட்டையைப் பிரித்து, குனிந்தாள். ஒன்றும் இல்லை. முகத்தை இன்னும் உள்ளே விட்டாள். சாக்கின் நார் கன்னத்தில் குத்தியதுதான் மிச்சம். அரைத்த பொடி, கொதிக்கிற பால், கை துடைக்கிற துணி, ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தாள். யாரோ அவள் முகத்துக்குள் ஒரு கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

டாக்டரிடம் தனியாகப் போனாள். “வரலாம், வராமலும் போகலாம். காத்திருந்து பார்க்கணும்,” என்றார் அவர், பஸ்ஸைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. மூக்கு இல்லாத மூக்கக்கா கடைக்கு எவர் வருவார்? இத்தனை வருஷமாக ஊரையே திட்டிவிட்டு, இப்போது தன் காப்பி எப்படி இருக்கிறது என்று தனக்கே தெரியாது என்பதை எந்த வாயால் சொல்வது? நாக்கு முழுசாகப் போகவில்லை, கசப்பு தெரிந்தது. ஆனால் நல்ல காப்பியும் கசக்கும், கெட்ட காப்பியும் கசக்கும். எது எந்தக் கசப்பு என்று சொல்கிற வேலை மூக்குடையது.

அவளிடம் மிச்சம் இருந்தது நீலத் தட்டு. அதைத்தான் நம்பினாள். கை தவறினால் கோப்பை திரும்பி வரும். மாஸ்டர் சும்மா விடுவாரா, டீச்சர் சும்மா விடுவாரா? ஒரு வாரம் பார்ப்போம், கோப்பைகள் திரும்பி வந்தால் கடையைச் சாத்திவிடுவோம் என்று மனசுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, கண்ணாலும் காதாலும் வறுக்க ஆரம்பித்தாள். வெடிக்கிற சத்தம் கேட்டதும் நிறத்தைப் பார்ப்பாள். நல்லவேளையாக வீட்டுக்காரர் அந்தச் சமயம் பார்த்துப் பின்னறையின் பழைய மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டுப் புதிதாக வெள்ளை விளக்கு ஒன்று போட்டிருந்தார். அறை ஆஸ்பத்திரி மாதிரிப் பளிச்சென்று ஆகிவிட்டது. ஒவ்வொரு கொட்டையும் தனித்தனியாகத் தெரிந்தது.

கோப்பை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. மாஸ்டர் கடைசிச் சொட்டு வரை குடித்தார். சர்க்கரையே போடாத கணக்கு டீச்சர் திடீரென்று சர்க்கரை கேட்டார், அதுவும் தாராளமாக. “என்ன டீச்சர், புதுப் பழக்கம்?” என்றதற்கு, “வயசாகுதில்ல, நாக்கு இனிப்புக் கேக்குது,” என்றார். கல்லாவில் சாய்ந்து நின்றே குடிக்கிற மருந்துக்கடைக்காரர், “கடையில ஆள் இல்லக்கா,” என்று சொல்லி, காகிதக் கோப்பையில் வாங்கிக்கொண்டு வெளியே போக ஆரம்பித்தார். நீலத் தட்டு காய்ந்து கிடந்தது. வீட்டுக்காரர் அதன்மேல் செய்தித்தாளை வைத்தார்.

மூக்கக்காவுக்குத் தலை நிமிர்ந்தது. மூக்கு போனால் என்ன, இத்தனை வருஷத்தில் கைக்கே எல்லாம் தெரிந்துவிட்டது. காய்ச்சலுக்கு முன்னால்கூட இப்படி ஒரு குறையும் இல்லாமல் ஒரு நாள் போனதில்லை. பயம் போய் அந்த இடத்தில் கொஞ்சம் கர்வம்கூட வந்து உட்கார்ந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் குளிர்பெட்டி மெக்கானிக் வந்தார். பக்கத்தில் எங்கோ ரிப்பேருக்கு வந்த ஆள், நீலச் சட்டை, கையில் கருவிப் பெட்டி. காப்பி வாங்கினார். ஒரு வாய் குடித்தார். கோப்பையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பலகையை முழுசாகப் படித்தார். பிறகு எழுந்து வந்து, செய்தித்தாளைத் தள்ளிவிட்டு, கோப்பையை நீலத் தட்டில் வைத்தார்.

“அம்மா, இது கருகின வாசம் அடிக்குது. வேற ஒண்ணு குடுக்கிறீங்களா?”

மூக்கக்கா வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

“தம்பி, ஊருக்குப் புதுசா?”

“ஆமா சார், ரிப்பேருக்கு வந்தேன்.”

“அப்ப ரிப்பேரைப் பாருங்க. நல்லா இருக்கிற காப்பியை எதுக்குப் பிரிச்சு மேயறீங்க?”

“இல்ல சார், உண்மையாவே கருகி…”

“நல்ல காப்பி குடிச்சுப் பழக்கம் இல்ல போல,” என்றார் கணக்கு டீச்சர், தன் கோப்பையில் சர்க்கரையைக் கலக்கியபடி.

மெக்கானிக் திகைத்துப்போய்ச் சுவரைக் காட்டினார். “போர்டுல எழுதியிருக்கே மேடம். படிச்சுட்டுத்தான் வெச்சேன்.”

“போர்டுல ஆயிரம் எழுதுவாங்க.”

சொன்னது அந்தப் பலகையைத் தன் கையால் எழுதிய டீச்சர். மூக்கக்கா பாலைக் கீழே வைத்தாள்.

தட்டிலிருந்த கோப்பையை எடுத்தாள். பழக்கத்தில் மூக்குக்குக் கொண்டுபோனாள், பாதியில் நிறுத்தினாள். அதை மாஸ்டரிடம் நீட்டினாள்.

“குடிச்சுப் பாருங்க மாஸ்டர்.”

மாஸ்டர் குடித்தார். “நல்லாத்தானே இருக்கு.”

“எப்படி நல்லா இருக்கு?”

“நல்லான்னா… காப்பி மாதிரி இருக்கு.”

காப்பி மாதிரி. பாலும் காப்பியும் பேசிக்கொள்ளவில்லை என்று கோப்பையைத் திருப்பிய மனுஷர். நேற்றைய பொடிக்கும் இன்றைய பொடிக்கும் வித்தியாசம் சொல்லிச் சண்டைக்கு நின்ற மனுஷர். அவர் வாயிலிருந்து வந்தது, காப்பி மாதிரி இருக்கிறதாம்.

அவள் டீச்சரின் கோப்பையைப் பார்த்தாள். அடியில் சர்க்கரை கரையாமல் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே, மருந்துக்கடைக்குப் போகிற வழியிலிருந்த செடித் தொட்டியைப் பார்த்தாள். மண் கறுப்பாக நனைந்திருந்தது. பல நாளாக அது நனைந்தே இருந்ததும், அங்கே மழையே பெய்யாததும் அப்போதுதான் மண்டையில் ஏறின.

“உங்களுக்கெல்லாம் யார் சொன்னது?” என்றாள்.

மாஸ்டர் தரையைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். கடையில் யாருமே பார்க்காமல் விட்ட ஒரே இடம் கல்லா. அங்கே அவளுடைய வீட்டுக்காரர் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூக்கக்கா மெஷினை நிறுத்தினாள். அந்த இரைச்சல் நின்றதும் கடை முழுக்க அவள் குரல் மட்டும்தான்.

“எனக்கு மூக்குதான் போச்சு. மூளை போகல, மானமும் போகல. நீங்க கோப்பையைத் திருப்பலைங்கிற ஒரே தைரியத்துல நான் இத்தனை நாளா வறுத்துக்கிட்டு இருக்கேன். எனக்கு வேற என்ன இருக்கு? அந்தத் தட்டுதானே எனக்கு மூக்கு. அதையும் சேர்ந்து அடைச்சுட்டீங்களே.”

“மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்…” என்று டீச்சர் ஆரம்பித்தார்.

“கஷ்டப்படறேன், படாம போறேன், அது என் பாடு. உங்க பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளை கணக்கைத் தப்பாப் போட்டா, பாவம்னு சரி போட்டு அனுப்புவீங்களா டீச்சர்?”

டீச்சர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“மாஸ்டர், நீங்க. கை ஒரு பக்கம் நீளமாத் தெச்சு, நான் அதைப் போட்டுக்கிட்டு ஊரெல்லாம் நடந்து, நீங்க எல்லாரும் அழகா இருக்கு அழகா இருக்குன்னு சொன்னா, அதுக்குப் பேரு அன்பா?”

மாஸ்டர் கழுத்து நாடாவை விரலில் சுற்றிக்கொண்டார்.

“வந்து நின்னவங்கள்ல இவர் ஒருத்தர்தான் என்னை மனுஷியா மதிச்சவர். அவரையும் விரட்டப் பார்த்தீங்க.” மெக்கானிக் பக்கம் திரும்பினாள். குரல் கொஞ்சம் இறங்கியது. “தம்பி, வேற தர்றேன்னு போர்டுல எழுதியிருக்கேன். ஆனா இன்னிக்குக் கடையில நல்ல காப்பி இல்ல. இருக்கிறது எல்லாம் இதே கொட்டை. தண்ணி தரட்டுமா?”

“பரவாயில்லம்மா, நான் இதையே குடிச்சுடறேன்.”

“தொடாதீங்க அதை,” என்றாள்.

கடை காலியானது. அவள் கதவைச் சாத்திவிட்டுப் பின்னறைக்குப் போனாள். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அன்னிக்கு வீட்டுல பால் அடி பிடிச்சுதே,” என்றார். “நான் முன்னறையில இருந்தேன், எனக்கே நாத்தம் வந்துச்சு. நீ அடுப்புக்குப் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்த. நிதானமா வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்த. நீ போய் அப்படி நிக்கிறதை நான் பார்த்ததே இல்லம்மா.”

“பார்த்துட்டு எங்கிட்ட கேக்கலை. ஊருக்குச் சொன்னீங்க.”

“நீயும்தான் எங்கிட்டச் சொல்லலை.”

அது சுருக்கென்று தைத்தது. தைத்ததால் கோபம் இன்னும் கூடியது.

“சொன்னா நீ கடையைச் சாத்திடுவேன்னு பயந்தேன்,” என்றார் அவர். “அதனாலதான் எல்லார்கிட்டயும் போய், கொஞ்ச நாளைக்கு எதுவும் சொல்லாதீங்க, தானா சரியாயிடும்னு சொன்னேன். என்னால ஆனது, உனக்குக் கண்ணாவது நல்லாத் தெரியட்டும்னு இந்த வெள்ளை லைட்டைப் போட்டேன்.”

மூக்கக்கா மேலே பார்த்தாள். விளக்கில் கண் கூசியது. உருளைக்குக் கீழே, ஆறவைக்கிற தட்டில் கிடந்த கொட்டையைப் பார்த்தாள். சரியான பழுப்பு, அவள் பல வருஷமாகப் பார்த்த அதே பழுப்பு. ஒரு கை அள்ளிக்கொண்டு பின்கதவைத் திறந்து வெயிலுக்குப் போனாள்.

கையில் இருந்தது கரி. எண்ணெய் கசிந்து மினுங்குகிற கறுப்பு. உள்ளே ஓடி, அழகுக்காக முன்பக்க ஜன்னலில் வைத்திருந்த கண்ணாடிச் சாடியை எடுத்து வந்தாள். அதில் இருந்தது காய்ச்சலுக்கு முன்னால் வறுத்த கொட்டை. அதையும் இதையும் உள்ளங்கைகளில் அருகருகே வைத்துப் பார்த்தாள். அக்கா தங்கை என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு வேறு.

மஞ்சள் பல்பின் கீழே பழுப்பாகத் தெரிந்தது இந்த வெள்ளை வெளிச்சத்தில் வெளுப்பாகத் தெரிந்திருக்கிறது. இன்னும் போதவில்லை, இன்னும் போதவில்லை என்று அவள் தினமும் கூடுதல் நேரம் விட்டு வறுத்திருக்கிறாள். அவளுக்கு நல்லது செய்ய நினைத்து அவர் போட்ட விளக்கு கொட்டையைக் கருக்கியது. அவளுக்கு நல்லது செய்ய நினைத்து அவர் கேட்டுக்கொண்ட மௌனம் அதை மறைத்தது. எதிரி ஒருவன் திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது.

“வந்து பாருங்க,” என்றாள். “உங்க வெளிச்சத்தை வந்து பாருங்க.”

அவர் வந்து இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போனார். ஏணியை இழுக்கிற சத்தம் கேட்டது. வெள்ளை விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பழைய மஞ்சள் வெளிச்சம் வந்தது. எதையுமே தூக்கிப்போடாத மனுஷர், பழைய பல்பையும் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்.

“நிறம் பாதிதான்,” என்றாள் அவள், ஏணியைப் பார்த்து. “மீதிக்கு மூக்கு வேணும். உங்க மூக்குக்கு அது வருமா?”

“என் மூக்கு கண்ணாடி நிக்கிறதுக்கு மட்டும்தான்னு நீதான் எப்பவும் சொல்லுவ.”

“உண்மைதானே.”

பின்கதவில் நிழலாடியது. மாஸ்டர். கழுத்தில் நாடாவோடு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றார்.

“இன்னும் ஏதாவது பொய் பாக்கி இருக்கா மாஸ்டர்?”

“பொய் தீர்ந்துபோச்சு. உண்மை ஒண்ணு இருக்கு, சொல்லட்டுமா?”

“சொல்லித் தொலைங்க.”

“அந்தக் காப்பி சகிக்கலை. குடிச்சுட்டுப் போய் நெஞ்செரிச்சலோட ஒரு கல்யாண மாப்பிள்ளையோட கோட்டுத் துணியையே தப்பா வெட்டிட்டேன்.”

“அதைக் குடிச்ச அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?” அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் ஏதோ ஒன்று இளகியது. கடைசியாக இந்தத் தெருவில் ஓர் ஆள் அவளிடம் உண்மை பேசியிருந்தார். “உள்ள வாங்க. இந்த உருளைக்குப் பக்கத்துல நில்லுங்க. வாசம் மாற மாற சொல்லணும்.”

“நானா? எனக்கு என்ன தெரியும் இதுல?”

“இத்தனை வருஷமாக் குறை சொன்னீங்கல்ல? நிக்கறதுக்குத் தகுதி அதுதான்.”

பச்சைக் கொட்டை உருளையில் விழுந்து சுற்ற ஆரம்பித்தது. அவள் கேட்டாள், “புல் வாசம் போச்சா?”

“புல் வாசமெல்லாம் எனக்குத் தெரியாது. ஈரத் துணி வாசம் அடிக்குது.”

“சரி, அது போனதும் சொல்லுங்க.”

மாஸ்டர் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார். வேர்த்தது. நாடாவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். “ஈரம் போயிருச்சு. இப்பக் கஞ்சி போட்ட சட்டையை இஸ்திரி போடற வாசம்.”

அவள் யோசித்தாள். கஞ்சி சூடாவது என்றால் ரொட்டி வாசம்தான் அது. கொட்டைகள் வெடிக்க ஆரம்பித்தன.

“இப்ப?”

“இப்ப… இருங்க. இஸ்திரிப்பெட்டி ஒரே இடத்துல கொஞ்சம் கூட நேரம் நின்னா ஒரு வாசம் வரும்ல?”

“கருகுதா?”

“இல்லல்ல. கருகலை. கருகறதுக்கு முன்னாடி. ஐயையோ கையை எடுக்கணும்னு தோணும் பாருங்க, அந்த…”

அவள் உருளையின் கதவைத் திறந்துவிட்டாள். கொட்டை சரசரவென்று தட்டில் கொட்டியது. ஒரு கை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். சாயங்கால வெயில் தெருவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சாடிக் கொட்டையும் இதுவும் ஒரே நிறம்.

மறுநாள் காலை வழக்கமான ஆட்கள் வந்தார்கள், வழக்கத்தைவிட மெதுவாக. மூக்கக்கா கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“எனக்கு மூக்கு வேலை செய்யலை. திரும்ப வருமான்னு தெரியாது. நேத்து வறுத்தது நானும் மாஸ்டரும். இனிமே பொய் சொல்ற ஆளுக்கு இந்தக் கடையில காப்பி கிடையாது. அவ்வளவுதான், உட்காருங்க.”

காப்பி போனது. டீச்சர் சர்க்கரைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் குடித்தார். மருந்துக்கடைக்காரர் கல்லாவில் சாய்ந்து நின்று, கண்ணாடிக் கோப்பையில் குடித்தார். மாஸ்டர் குடித்துவிட்டு, “வறுவல் சரி,” என்றார்.

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல.”

“நல்லா இருக்கு,” என்றார் டீச்சர்.

“நல்லா இருக்குக்கா,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நல்லா இருக்கு. நேற்றுவரைக்கும் இதே முகங்கள் இதையேதான் சொல்லின. இது நிஜ ‘நல்லா இருக்கு’வா, அந்த ‘நல்லா இருக்கு’வா? இனி எப்படிக் கண்டுபிடிப்பது? நீலத் தட்டு காய்ந்து கிடந்தது. முன்பு அது காய்ந்திருந்தால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். இப்போது அந்தக் காய்ந்த தட்டை நம்ப முடியவில்லை. இவர்களைத் திட்டித் தீர்த்துவிட்டாள், விளக்கை மாற்றிவிட்டாள், கொட்டையைச் சரி பண்ணிவிட்டாள். ஆனால் ஒருமுறை பாவம் பார்த்துவிட்ட ஊரை மறுபடியும் நம்புவதற்கு என்ன வழி என்று அவளுக்குத் தெரியவில்லை. கடையை நடத்த முடியாமல் போகப்போவது மூக்கினால் அல்ல, இதனால்தான் என்று தோன்றியது.

கல்லாவின் ஸ்டூல் கிரீச்சிட்டது. வீட்டுக்காரர் தன் கோப்பையோடு எழுந்து வந்தார். இத்தனை வருஷத்தில் அவள் போட்டுக் கொடுத்த எந்தக் காப்பியைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தட்டின் ஓரத்தில் மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்த செய்தித்தாளை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கோப்பையை நீலத் தட்டில் வைத்தார்.

“பால் அடி பிடிச்சிருக்கு,” என்றார். கடைசி மேசை வரைக்கும் கேட்டது.

மாஸ்டர் தன் கோப்பைக்குள் பார்த்தார். “லேசா,” என்றார், ஒப்புக்கொள்கிற குரலில். “ரொம்ப லேசா. அதைப் போய்ச் சொல்லணுமான்னு இருந்துட்டேன்.”

மூக்கக்கா பால் பாத்திரத்தை எடுத்தாள். கரண்டியால் அடியைச் சுரண்டினாள். பழுப்பாக ஓர் ஏடு உரிந்து வந்தது. பிறகு பாத்திரம் முழுவதையும் தொட்டியில் கவிழ்த்தாள்.

“லேசான்னா சொல்லக் கூடாதா? லேசுக்குத்தானே மாஸ்டர் அந்தத் தட்டு,” என்று ஆரம்பித்து மாஸ்டரை ஒரு பிடி பிடித்தாள். டீச்சரையும் விடவில்லை. வாய் திட்டிக்கொண்டே இருந்தது, கை பாத்திரத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவியது. புதுப் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தாள், அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

“நீங்க ஏன் இன்னும் நிக்கிறீங்க?” என்றாள் வீட்டுக்காரரிடம், திரும்பாமலேயே. “போய் உட்காருங்க. வேற தர்றேன்.”

அவர் போய் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக எழுந்து வந்து கோப்பையை வைத்துவிட்டுப் போனார்கள். தட்டில் இடம் போதவில்லை. டீச்சர் தன்னுடையதைக் கல்லாவின் விளிம்பில் வைத்தார்.